வாட்ஸ்அப்பில் சேலை விற்பவர்களுக்கு: வாங்கியவர் தகராறு செய்தால் எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் வழியாக வீட்டிலிருந்தே சேலை விற்பவர்களுக்கு வரும் பிரச்சினைகளை, வாங்குபவர் சொல்லும் வாக்கியத்தை வைத்தே இங்கே பிரித்திருக்கிறோம். உங்களுக்கு வந்த மெசேஜ் எந்தத் தலைப்புக்குப் பொருந்துகிறதோ அங்கே நேராகப் போங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சத்தம் போடுபவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. காசு கொடுத்துவிட்டுப் பயந்து போனவர்தான் பெரும்பாலும் கத்துவார். ஏமாற்ற வருபவர் மரியாதையாகப் பேசுவார், விலை குறைக்கச் சொல்ல மாட்டார், ஆனால் அவசரப்படுத்துவார். ஆளின் குரலை வைத்து முடிவு செய்யாமல், கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

அந்த ஆதாரம் பார்சல் போவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் நான்கு விஷயங்கள் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்: சேலை, விலை, முகவரி மூன்றையும் வாங்குபவர் "ஓகே" சொன்ன மெசேஜ், பணம் வந்த பேங்க் பதிவு, பேக்கிங் வீடியோ, கூரியர் ரசீது. பேக்கிங் வீடியோ ஒரு நிமிடம் போதும். சேலையை விரித்து முந்தி, உடல், இரண்டு பக்க பார்டர், பிளவுஸ் பகுதி என்று காட்டி, மடித்து, சமையலறைத் தராசில் வைத்து எடை தெரியக் காட்டி, கவரில் போட்டு ஒட்டி, முகவரி ஸ்டிக்கர் தெரியும்படி முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தி எடுத்தால் அதற்கு மதிப்பு இல்லை. எடை எதற்கு என்பது ரிட்டர்ன் பகுதியில் புரியும்.

"இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஆள் காணோம்

இது பிரச்சினையே இல்லை. பத்து பேர் கேட்டால் ஓரிருவர்தான் வாங்குவார்கள். ஆனால் "எடுத்து வைங்க" என்று சொன்னவருக்காகச் சேலையை நாள் கணக்கில் ஒதுக்கி வைப்பதுதான் நஷ்டம். "அக்கா, இன்னைக்கு சாயந்திரம் 6 மணி வரைக்கும் எடுத்து வைக்கிறேன். அதுக்குள்ள பேமெண்ட் வரலன்னா அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவேன்" என்று நேரத்தோடு எழுதுங்கள். சொன்னபடி செய்யுங்கள்.

"கடைசி விலை சொல்லுங்க"

பேரம் பேசுவது குற்றமல்ல. பிழை எங்கே வருகிறதென்றால், ஒருவருக்கு ₹100 குறைத்தது அதே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் அடுத்தவருக்குத் தெரியும்போது. ஒரு சேலைக்கு விலையைக் குறைக்காதீர்கள். இரண்டு எடுத்தால் கூரியர் செலவை நீங்கள் ஏற்பதாகச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே பார்சலில் அனுப்புவதால் மிச்சமாகும் காசைத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள். குரூப்பில் மற்றவர்களுக்கும் அதையே சொல்ல முடியும்.

"பணம் போட்டாச்சு, ஸ்கிரீன்ஷாட் பாருங்க". ஆனால் அக்கவுண்டில் வரவில்லை

மூன்று காரணங்கள் இருக்கலாம். வங்கியில் பணம் நடுவழியில் நிற்கிறது. வேறு நம்பருக்குப் போய்விட்டது. அல்லது ஸ்கிரீன்ஷாட்டே போலி. பேமெண்ட் ஆப் மாதிரியே பச்சை டிக்கும் சத்தமும் காட்டும் போலி ஆப்கள் புழக்கத்தில் உள்ளன. அதனால் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில் உங்கள் பேங்க் ஆப்பைத் திறந்து ஸ்டேட்மெண்ட்டைப் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டாம். வங்கியின் பெயரைப் போட்டு, சாதாரண 10 இலக்க செல் நம்பரிலிருந்து வந்தால் அது போலி.

ஸ்டேட்மெண்ட்டில் இல்லையென்றால் யூடிஆர் எண்ணை, அதாவது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனியாக வரும் எண்ணைக் கேளுங்கள். யூபிஐ பரிவர்த்தனைக்கு அது 12 இலக்கம். ஸ்கிரீன்ஷாட்டில் பணம் பெறுபவர் பெயரும் சரியாக இருக்க வேண்டும். உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர்தான் வழக்கமாக அங்கே வரும். நீங்கள் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் கடைப் பெயர் மட்டும் அச்சாகியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

"ப்ராசஸிங்" என்று காட்டினால் வாங்குபவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. ஒருவர் கணக்கில் கழிந்து மற்றவர் கணக்கில் சேராத யூபிஐ பணம், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதி. புகாரைப் பணம் அனுப்பியவர்தான் அவருடைய ஆப்பில் பதிய வேண்டும். அவருக்கு இப்படி எழுதலாம்:

"அக்கா, உங்க பணம் எங்க அக்கவுண்ட்ல இன்னும் வரல. பயப்பட வேண்டாம், நாளைக்குள்ள இங்க வந்துடும், இல்லன்னா உங்களுக்கே திரும்பிடும். சேலையை உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன். வந்த உடனே அனுப்பிடுறேன்."

நேர்மையானவர் இதற்கு ஒத்துக்கொள்வார். "ஊருக்குக் கிளம்பிட்டேன், பைக் டாக்ஸி ஆளை உங்க வாசலுக்கு அனுப்பிட்டேன், பார்சலைக் கொடுத்துடுங்க" என்று நெருக்கினால் கொடுக்காதீர்கள்.

"நான் அனுப்புற க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்"

இங்கே ஆராய ஒன்றுமில்லை, உடனே பிளாக் செய்யுங்கள். பணம் பெற க்யூஆர் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, யூபிஐ பின்னும் தேவையில்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் ரெக்வெஸ்ட் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டாலும், வணிகர் பெயரில் வரும் கோரிக்கைகளும் க்யூஆரும் இருக்கவே செய்கின்றன. அதனால் எச்சரிக்கையைத் தளர்த்த முடியாது.

இதன் பெரிய வடிவம் மொத்த ஆர்டர். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார், அடையாள அட்டைப் படம் அனுப்புவார், விழாவுக்கு 40 சேலை வேண்டும் என்பார், விலையே கேட்க மாட்டார். கடைசியில் "எங்க டிபார்ட்மெண்ட் முறைப்படி முதல்ல நீங்க ₹1 அனுப்பணும்" என்று வரும். ராணுவத்தில் அப்படி ஒரு முறையே கிடையாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் "₹1,500க்குப் பதிலா ₹15,000 போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்பது. ஸ்டேட்மெண்ட்டில் அந்தத் தொகை இல்லையென்றால் பேச்சை முடித்துவிடுங்கள். உண்மையாகவே வந்திருந்தாலும், அவர் சொல்லும் வேறொரு நம்பருக்கு அனுப்பாதீர்கள். "உங்க பேங்க்ல சொல்லி ரிவர்ஸ் போடுங்க, எங்க பேங்க்ல கேட்டா நான் சம்மதம் கொடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கடைசிப் பகுதி சொல்லும்.

பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல், சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்

போக ₹90, வர ₹90 என்றால் ஒரு மறுப்புக்கு ₹180 போச்சு. அதோடு பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் விற்றிருக்க வேண்டிய சேலை இரண்டு வாரம் லாரியில் கிடக்கும்.

வாங்குபவர் வேண்டுமென்று செய்கிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். இரவில் ஆசையாக ஆர்டர் போட்டிருப்பார், பார்சல் வந்த நேரத்தில் கையில் பணம் இருந்திருக்காது. வீட்டில் வேறு யாராவது கதவைத் திறந்து, விஷயம் தெரியாமல் "நாங்க எதுவும் கேக்கல" என்றிருப்பார்கள். இன்னொன்றும் நடக்கும்: டெலிவரி செய்பவர் வீட்டுக்கே போகாமல் "கஸ்டமர் வாங்க மறுத்தார்" என்று பதிந்திருப்பார். டிராக்கிங்கில் அந்த வரி வந்த அன்றே வாங்குபவரை அழைத்துக் கேளுங்கள். "யாருமே வரலையே" என்றால் கூரியர் அலுவலகத்தில் மறு டெலிவரி கேளுங்கள். ஒரு நாள் தாமதித்தால் பார்சல் திரும்பிக் கிளம்பிவிடும்.

இனி வராமல் தடுக்க: ஆர்டர் வந்த மறுநாள் காலை உறுதி மெசேஜ் அனுப்பி பதில் வந்த பிறகே பேக் செய்யுங்கள். லேண்ட்மார்க்கும் இரண்டாவது செல் நம்பரும் வாங்குங்கள். எந்த விசேஷத்துக்கு, என்ன தேதிக்குள் வேண்டும் என்று கேளுங்கள். அந்தத் தேதிக்குள் போய்ச் சேராது என்றால் அனுப்பவே வேண்டாம். ₹150 முன்பணம் கேட்டால் பாதிப் பேர் விலகிவிடுவார்களே என்று தோன்றும். விலகுபவர்களில் பலர் வாசலில் மறுத்திருக்கக்கூடியவர்கள்தான். இருமுறை மறுத்தவருக்கு அடுத்த முறை முழுப் பணமும் முன்கூட்டியே என்று சொல்லிவிடுங்கள்.

"டெலிவர்டுன்னு காட்டுது, எனக்கு வரல"

முதல் பதில் "நான் விசாரிக்கிறேன்" என்பதாக இருக்க வேண்டும். "நாங்க அனுப்பிட்டோம், அதுக்கு மேல எங்க பொறுப்பு இல்ல" என்று எழுதிவிட்டால் அதற்குப் பிறகு அவர் எதையும் தேட மாட்டார். பக்கத்து வீடு, வாட்ச்மேன், மாடி வீட்டுக்காரர், ஆபீஸ் ரிசப்ஷன் ஆகிய இடங்களில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதே நேரம் கூரியர் கிளையில் டெலிவரி கையெழுத்து நகலைக் கேளுங்கள். கையெழுத்து யாருடையது என்று அதை அவருக்கே அனுப்பிக் கேட்கலாம்.

தனியார் கூரியர் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். தொலைந்தால் தரும் தொகை சேலை விலைக்கு அருகில்கூட வராது. பட்டுச் சேலை என்றால் இன்ஷூரன்ஸ் போட்டு அனுப்புங்கள், அல்லது ஓடிபி சொன்னால்தான் கொடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் 2025 அக்டோபரிலிருந்து இந்த ஓடிபி டெலிவரி இருக்கிறது.

"போட்டோல பார்த்த கலர் இது இல்ல"

சேலை வியாபாரத்தில் அதிகம் வரும் புகார் இதுதான். பெரும்பாலும் உண்மையும்கூட. இதில் வாங்குபவரிடம் வாதம் செய்து ஜெயித்த வியாபாரி, அவரை இழந்துவிடுகிறார்.

பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) வேறு நிறமாக நெய்த சேலை ஒவ்வொரு கோணத்தில் ஒவ்வொரு நிறம் காட்டும். மயில் கழுத்துக் கலரை ஒரு போட்டோவில் அடக்கவே முடியாது. ஒரு பக்கம் நீலம், திருப்பினால் பச்சை. வாடாமல்லி, கத்திரிப்பூ நிறங்களைப் பல செல்போன் கேமராக்கள் நீலம் பக்கமாக இழுத்துவிடும். அடர் பச்சை கறுப்பாகத் தெரியும். போதாக்குறைக்கு வாங்குபவரின் போன் திரை நிறங்களைத் தூக்கிக் காட்டும் செட்டிங்கில் இருக்கலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

சரிசெய்வது இப்படி: காலை பத்து மணிவாக்கில் நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில், வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். ஃபில்டரும் பியூட்டி மோடும் வேண்டாம். சேலை ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சேலை நிறமும் அதே அளவுக்குத் தப்பாகத்தான் இருக்கும். மறுபடி எடுங்கள். பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாக உள்ள சேலைக்குக் கட்டாயம் 15 விநாடி வீடியோ வேண்டும், முந்தியைக் கையில் பிடித்து மெதுவாக ஆட்டிக் காட்டுங்கள். படத்தோடு நிறத்தை வார்த்தையிலும் எழுதுங்கள். "பர்ப்பிள்" என்றால் பத்து பேர் பத்து நிறத்தை நினைப்பார்கள். "கத்திரிப்பூக் கலர், சிவப்பு அடிக்காது" என்றால் புரிந்துவிடும்.

புகார் வந்தபின்: பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி, உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். உண்மையாகவே வித்தியாசம் இருந்தால் மாற்றிக் கொடுங்கள், ரிட்டர்ன் கூரியர் செலவும் உங்களுடையதுதான். படமும் சேலையும் ஒன்றாகவே இருந்து, நேரில் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால், கட்டாத சேலைக்கு மட்டும் மாற்று, கூரியர் அவர் செலவு. இந்த இரண்டு வரியையும் ஆர்டர் உறுதி மெசேஜிலேயே சேர்த்துவிடுங்கள்.

"கிழிஞ்சிருக்கு"

கிழிசலை நெருக்கமாக ஒன்று, சேலையை முழுசாக விரித்து ஒன்று என இரண்டு படம் கேளுங்கள். விரித்த படம்தான் உண்மையைச் சொல்லும்.

ஒரே அளவுள்ள நேர்வெட்டு, சம இடைவெளியில் மூன்று நான்கு இடத்தில் வரிசையாக இருந்தால் அது கவரைத் திறக்கும்போது பட்ட பிளேடு. மடிப்பு மேல் மடிப்பாக இருந்ததால் ஒரே வெட்டு பல இடத்தில் விழுந்திருக்கிறது. வாங்குபவருக்கு இது தெரியவே தெரியாது. நீங்கள் கிழிந்த சேலையை அனுப்பியதாகத்தான் நினைப்பார். மடிப்புக்கோடு எங்கே, வெட்டு எங்கே என்று படத்தில் வட்டம் போட்டுக் காட்டி, பேக்கிங் வீடியோவையும் அனுப்புங்கள். பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள். அதற்கு மேல், பாதி விலையில் இன்னொன்று தருகிறீர்களா என்பது உங்கள் மனசு. இனி கவரின் வாய்ப்பக்கம், சேலைக்கு மேலே ஒரு அட்டையை வைத்து ஒட்டுங்கள். கவர் மேல் "பிளேடு, கத்தி வேண்டாம், ஓரத்தைப் பிரிக்கவும்" என்று எழுதுங்கள். அட்டைக்கு ஆகும் சில ரூபாய் ஒரு சேலையையே காப்பாற்றும்.

ஓரம் நைந்து, நூல் பிரிந்து, ஒரே இடத்தில் மட்டும் ஓட்டை என்றால் வழியில் எதிலோ சிக்கியிருக்கலாம். கவரின் படத்தைக் கேளுங்கள். கவரும் கிழிந்திருந்தால் கூரியரிடம் புகார் கொடுக்க வேண்டியது நீங்கள். வாங்குபவரை அங்கே அனுப்பாதீர்கள்.

ஊடை நூல் போகும் திசையில் இழை விட்ட கோடு, அல்லது பார்டர் பிணைப்பில் ஓட்டை என்றால் தறியிலேயே வந்த குறை. உடனே ஒப்புக்கொண்டு மாற்றுங்கள், நெசவாளரிடமோ மொத்த வியாபாரியிடமோ நீங்கள் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம். கைத்தறியில் வரும் சின்ன நூல் முடிச்சு குறை அல்ல. ஆனால் அதைப் பார்சல் போகும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். புகார் வந்த பிறகு சொன்னால் சமாளிப்பு மாதிரிதான் கேட்கும்.

"அன்பாக்சிங் வீடியோ இல்லன்னா ரிட்டர்ன் இல்லை" என்று பலரும் எழுதி வைக்கிறார்கள். வீடியோ கேட்பது நியாயம். அது இல்லை என்பதற்காக, குறை உள்ள சேலையைத் திரும்ப எடுக்க மறுப்பது சட்டத்தில் நிற்காது. குறை உள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 முறையற்ற வணிகம் என்கிறது. தொடர்ந்து விற்பவருக்கு 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளும் பொருந்தும். வாங்கியவர் 1915-க்குப் போன் செய்தால் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவாகிவிடும்.

"ஒரே துவையல்ல சாயம் போச்சு"

சுங்குடி, அடர் நிறக் காட்டன் சேலைகளில் முதல் ஓரிரு துவையலில் உபரிச் சாயம் இறங்கும். மற்ற துணியோடு ஊறவைத்தாரா, வாஷிங் மெஷினா, வெந்நீரா என்று கேளுங்கள். தண்ணீரில் சாயம் இறங்கியும் சேலை நிறம் அப்படியே இருந்தால் அது இயல்பு. ஒரு நிறம் பக்கத்து நிறத்தில் ஏறித் திட்டுத்திட்டாக ஆகியிருந்தால் சாயத்தின் குறை. பணத்தைத் திருப்பிவிட்டு, அந்த லாட்டில் மீதியிருப்பதை விற்காதீர்கள். ஒவ்வொரு பார்சலிலும் "முதல் துவையல் தனியாக, கல் உப்பு போட்ட குளிர்ந்த தண்ணீரில், ஊறவைக்காமல் அலசவும், நிழலில் உலர்த்தவும்" என்று துண்டுச்சீட்டு வையுங்கள்.

திரும்பி வந்த பார்சலில் வேறு சேலை

ரிட்டர்ன் பார்சலை வீடியோ ஓடாமல் திறக்கவே கூடாது. முகவரி ஸ்டிக்கரும் டிராக்கிங் எண்ணும் தெரியக் காட்டி, கவரை ஆறு பக்கமும் திருப்பி, திறப்பதற்கு முன் தராசில் வைத்து, பிறகு திறந்து முழுசாக விரியுங்கள். போனது 620 கிராம், வந்தது 380 கிராம் என்றால் வேறு எதுவும் நிரூபிக்கத் தேவையில்லை. கட்டிய சேலையா என்று பார்க்க, ஃபால்ஸ் தைத்த ஊசித்தடம், இடுப்பு மடிப்புச் சுருக்கம், கீழ் ஓர அழுக்கு, சென்ட் வாசனை, பின் குத்திய துளை ஆகியவற்றைத் தேடுங்கள். சேலை வந்து பார்த்த பிறகுதான் பணம் திரும்பும் என்பதையும் முதல் மெசேஜிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பெரிய விற்பனைத் தளம் வழியாக விற்றிருந்தால் இதே வீடியோவோடு விற்பனையாளர் பேனலில் கிளெய்ம் போடுங்கள். கெடு குறுகியது, அதனால் பார்சல் வந்த அன்றே திறந்து பாருங்கள்.

"ரீஃபண்ட் கொடுக்கலன்னா ஃபேஸ்புக்ல போட்டு நாறடிச்சிடுவேன்"

அவர் புகாரில் நியாயம் இருந்தால் மிரட்டலைக் கண்டுகொள்ளாமல் தீர்த்துவையுங்கள். இல்லையென்றால் மிரட்டலுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் அவர் தோழியும் வருவார். பதிவு போட்டுவிட்டால் அதன் கீழேயே ஒருமுறை மட்டும், தேதியோடு, நான்கு வரியில் நடந்ததைச் சொல்லி நிறுத்துங்கள். படிப்பவர்கள் இரண்டு பக்கத்தையும் எடைபோடத் தெரிந்தவர்கள். பதிலுக்கு அவருடைய போட்டோ, செல் நம்பர், முகவரி எதையும் "மோசடி வாடிக்கையாளர்" என்று குரூப்களில் போடாதீர்கள். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் போய், போலீஸ் புகார் உங்கள் மேல் திரும்பும்.

பணம் வந்தது, பார்சலும் போனது. சில வாரத்தில் பேங்க் அக்கவுண்ட் முடங்கியது

யாரிடமோ ஏமாற்றிய பணத்தை உங்களுக்கு அனுப்பி ஒருவர் சேலை வாங்கியிருக்கிறார். பணத்தை இழந்தவர் 1930-இல் புகார் கொடுத்ததும், அந்தப் பணம் தொட்ட கணக்குகள் எல்லாம் முடக்கப்படலாம். பெரும்பாலும் வேறு மாநிலப் போலீஸாக இருக்கும். பயந்து புரோக்கரிடம் போகாதீர்கள்.

வங்கிக் கிளைக்குப் போய் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: புகார் எண், எந்தக் காவல் நிலையம் அல்லது சைபர் பிரிவு, எவ்வளவு தொகைக்குப் பிரச்சினை. சேலை விலை ₹2,400 என்றால் அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதிக் கணக்கைத் திறந்துவிடும்படி விண்ணப்பம் கொடுங்கள். விசாரணை அதிகாரிக்கு பில், வாட்ஸ்அப் உரையாடல், கூரியர் ரசீது, டெலிவரி விவரம் ஆகியவற்றை மெயிலில் அனுப்புங்கள். போலீஸ் கணக்கை முடக்குவது பெரும்பாலும் பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின் கீழ். முன்பு இது பழைய சட்டமான சிஆர்பிசி-யின் 102-ஆம் பிரிவு. பதிலே வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் மனு போடலாம்.

இந்த ஆபத்தைக் குறைக்க, ஆர்டர் செய்தவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் வேறாக இருந்தால் "இது யாரோட அக்கவுண்ட் அக்கா?" என்று கேட்டு, பதிலை மெசேஜிலேயே வாங்கி வையுங்கள். கணவர், மகன் என்றால் பரவாயில்லை. வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு வையுங்கள். அப்போது அது முடங்கினாலும் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் இருக்கும் கணக்கு தப்பிக்கும்.